மின்சாரம் அல்ல, கணக்குப்பிள்ளை

வளரும் தொழிலுக்கு இன்று காசில்லாமல் கிடைக்கும் அறிவுரைகளில் முதலிடம் இதற்குத்தான்: கணினி விவகாரத்தை மொத்தமாக வெளியே கொடுத்துவிடு, நீ உன் தொழிலைப் பார். ஐதராபாத் பாலாநகரில் லேத் பட்டறையாகத் தொடங்கி நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவர், ஜீடிமெட்லாவில் மருந்து மூலப்பொருள் தயாரிப்பவர், பேகம் பஜாரில் ஒரு கடையிலிருந்து மூன்று கிடங்குகளுக்குப் போய்விட்ட மொத்த வியாபாரி என யாராக இருந்தாலும் இந்த வாக்கியம் அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். கணினி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. சர்வர், நெட்வொர்க், வைரஸ் தடுப்பு, பேக்கப், பிரிண்டர் மக்கர் எல்லாம் அதற்குள் அடக்கம். சொந்தமாக ஆள் வைத்தாலோ சம்பளம், பிஎஃப், விடுப்பு, திடீரென்று ஒருநாள் ராஜினாமாக் கடிதம். கணக்கு முடிந்தது என்றே தோன்றும். அப்போதும் யாராவது தயங்கினால் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது: மின்சாரம் வாங்குகிறோம், அதற்காக மின் நிலையமா கட்டுகிறோம்? இந்த உவமை தவறு, அதன்மேல் எழுப்பிய முடிவும் தவறு என்பது என் வாதம். வேலை செய்யும் கைகளை வெளியிலிருந்து வாங்கலாம். பல சமயம் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற அறிவும், சாவிகளும், வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்த பிறகே வெளியாரோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஊரெல்லாம் சொல்லும் அறிவுரை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

அந்த அறிவுரைக்குத் துணையாக இரண்டு பெரிய பெயர்களை இழுத்துவருவார்கள். இரண்டு பேரும் சொன்னது வேறு. முதலாமவர் நம் கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாவில் இயற்பியல் படித்த சி.கே. பிரகலாத். அவரும் கேரி ஹேமலும் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைதான் 'கோர் காம்பிடன்ஸ்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. மையத் திறனை மட்டும் வைத்துக்கொள், மற்றதை வெளியே தள்ளு என்று அது சொன்னதாகவே மேடைகளில் கேட்கிறோம். எடுத்துப் படித்தால் அது ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒவ்வொன்றாக வெளியே வாங்கப் போன நிறுவனங்கள் தங்களை அறியாமலே திறனைத் தொலைத்துவிட்டன என்பதுதான் அதன் கவலை. எஞ்சினையே ஒரு உதிரிபாகம்போல் பாவித்து மிட்சுபிஷியிடமும் ஹூண்டாயிடமும் வாங்கிய கிரைஸ்லரை அது காட்டியது குறை சொல்வதற்காக. இரண்டாமவர் நிக்கலஸ் கார். அதே இதழில் 2003 மே மாதம், தகவல் தொழில்நுட்பம் முக்கியமல்ல என்று பொருள்படும் தலைப்பில் எழுதி, மின்சாரத்தையும் ரயில் பாதையையும் கணினியோடு ஒப்பிடும் பழக்கத்துக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர். அவரும் கட்டுரையின் முடிவில் மூன்று யோசனைகள் சொன்னார்: செலவைக் குறை, முந்திக்கொண்டு போகாமல் பின்தொடர், வாய்ப்புகளைவிட ஆபத்துகளின்மேல் கண் வை. முதல் இரண்டையும் நம் ஆலோசகர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அந்தக் கண் யாருடைய கண் என்று மூன்றாவதைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது.

மின்சார உவமையோடு இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். உயர் அழுத்த இணைப்பு வாங்கிய எந்தத் தொழிற்சாலையும் மின் பகிர்மான நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் தன் தலைவலி என்பது முதலாளிக்குத் தெரியும். அதற்கு எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், எந்த சுவிட்ச் எந்த இயந்திரத்துக்கு என்ற வரைபடம் இருக்கிறது, பின்கட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆக, மின்சாரமே இந்த உவமைக்குப் பொருந்திவரவில்லை. இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றும் உண்டு. பக்கத்து ஷெட்டுக்குப் போகும் ஒரு யூனிட் மின்சாரமும் உங்களுக்கு வரும் ஒரு யூனிட்டும் ஒன்றே; அதற்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் சர்வருக்கோ எல்லாம் தெரியும்: எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கழிவு, யார் எத்தனை நாள் பாக்கி, யாருக்கு என்ன சம்பளம், எந்த மருந்துக்கு எந்தச் செய்முறை. அந்தக் காலத்துக் கடையில் இவ்வளவும் தெரிந்த ஒருவர் இருந்தார். அவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். கணினிக்கு உவமை தேட வேண்டுமானால் அவரிடம்தான் தேட வேண்டும். வெளியாளைக் கணக்கு எழுத வைத்த கடைக்காரர்கள் இருந்திருப்பார்கள். பேரேட்டை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டவர் அதிக நாள் கடை நடத்தியிருக்க மாட்டார். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றால் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளத்தில் பதிவாகி எண் வாங்காத பில் பில்லாகவே மதிக்கப்படாது. சரக்கேற்றிய லாரி வாசலிலேயே நிற்கும். இப்படி ஒரு காலத்தில், எத்தனையோ சிறு நிறுவனங்களின் ஜிஎஸ்டி ஓடிபி ஆடிட்டர் அலுவலக உதவியாளரின் செல்பேசிக்குப் போகிறது. டாலி கணக்கு மென்பொருளின் உரிமம் அதை விற்ற டீலரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. டொமைன் பெயர் இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருக்கிறது. இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல, எல்லாம் வசதிக்காகச் செய்தது. ஆனால் இதற்குச் சேவை வாங்குவது என்று பெயரில்லை. வீட்டுச் சாவியை அடுத்த வீட்டு ஆணியில் மாட்டி வைப்பது இது.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்று ஐதராபாத்திலேயே இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. 2022 ஜனவரியில் ஒரு வார இறுதியில் ஏ.பி. மகேஷ் கூட்டுறவு நகர வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 12.48 கோடி ரூபாயை நூற்றுக்கும் மேற்பட்ட வெளிக் கணக்குகளுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நகரக் காவல் ஆணையர் சி.வி. ஆனந்த் வெளியிட்ட விவரங்கள் திருட்டைவிட அதிர்ச்சி தந்தன. முந்தைய நவம்பரில் வங்கி ஊழியர்களுக்கு 200க்கும் மேற்பட்ட போலி மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. இரண்டு பேர் திறந்திருக்கிறார்கள். அந்த வழியாக உளவு மென்பொருள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றும் சூப்பர் யூசர் அதிகாரம் தேவைக்கு மேல் பலரிடம் இருந்தது. அவர்களில் சிலருக்கு ஒரே பாஸ்வேர்டு. நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கவில்லை. சைபர் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாததற்காக 2023இல் ரிசர்வ் வங்கி 65 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பார்த்தீர்களா, சிறிய நிறுவனங்களால் இதையெல்லாம் கட்டி மேய்க்க முடியாது, நிபுணர்களிடம் விடுங்கள் என்பது இதிலிருந்து எடுக்கப்படும் பாடம். பட்டியலை மறுபடி வாசித்துப் பாருங்கள். இத்தனை பேருக்கு சூப்பர் யூசர் அதிகாரம் எதற்கு என்று கேட்க அபூர்வமான நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை. அது வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி. வெளியிலிருந்து வரும் பொறியாளர் அதைக் கேட்பது கடினம். மேலாளர் கேட்டார், கொடுத்தோம், டிக்கெட் மூடப்பட்டது என்று எழுதிவிட்டு அடுத்த அலுவலகத்துக்குக் கிளம்புவதுதான் அவர் வேலையின் இயல்பு. உங்களுக்கு இந்த அதிகாரம் வேண்டாம் சார் என்று மேலாளரிடம் சொல்லவும், சொன்னதை நிலைநிறுத்தவும், உள்ளுக்குள் மதிப்பும் முதலாளியின் செவியும் உள்ள ஒருவர் வேண்டும். மகேஷ் வங்கியில் குறைவாக இருந்தது அந்தக் கவனம். விலைக்கு வாங்க முடியாத சரக்கு அதுதான்.

சரி, நிபுணர்களிடம் விட்டவர்கள் கதை என்ன? சீ-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்பது டிசிஎஸ்ஸும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து நடத்தும் நிறுவனம். கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் போன்ற சிறிய வங்கிகளுக்குக் கணினி அமைப்பை வழங்குவது அதன் தொழில். இதைவிட நம்பகமான பெயர்களை நம் நாட்டில் தேடிப் பிடிப்பது சிரமம். 2024 ஜூலை இறுதியில் அதன்மேல் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. தொற்று பரவக் கூடாது என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 31ஆம் தேதி அதன் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் யுபிஐ, ஏடிஎம் சேவைகள் நின்றன. எங்கோ அதனோடு இணைந்து வேலை செய்த ஒரு நிறுவனம் சரியாக அமைக்காமல் விட்ட ஒரு சர்வர்தான் நுழைவாயில் என்று பின்னால் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொன்னது. மறுநாளே இணைப்பு திரும்பிவிட்டது. நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் பாதிப்பு மிகச் சிறியது. பேரழிவு என்று இதை ஊதிப் பெருக்குவது நியாயமல்ல. கவனிக்க வேண்டியது அந்த ஒரு நாளில் முந்நூறு வங்கி மேலாளர்களுக்கு என்ன செய்ய முடிந்தது என்பதைத்தான். தங்கள் வாசலில் நிற்கும் வாடிக்கையாளரிடம் எப்போது சரியாகும் என்று சொல்லக்கூட அவர்கள் இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வெளியே கொடுத்ததால் ஆபத்து குறைந்துவிடவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, வெண்டரின் வெண்டரிடம், குடிபோய்விட்டது. திறமையான வெண்டர் என்பதும் இதற்கு மருந்தல்ல. முந்நூறு வீட்டுச் சாவிகள் ஒரே இடத்தில் தொங்கினால் திருடன் குறிவைக்கும் இடமும் அதுவே.

ஒப்பந்தம் எதற்கு இருக்கிறது, வெண்டர் தவறினால் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், போனவர்கள் கதை படிப்பினையாக இருக்கிறது. வீட்டுச் சுத்திகரிப்புப் பொருள் தயாரிக்கும் அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் பெரும் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. அதன் ஹெல்ப் டெஸ்க் வேலையைச் செய்துவந்தது, 1994இல் சென்னையில் தொடங்கி இன்று ஐதராபாத்திலும் பல்லாயிரம் பேரை வைத்திருக்கும் காக்னிசன்ட். ஊழியர்போல் போன் செய்தவரிடம் நீங்கள் யார் என்று சரிபார்க்காமலே ஹெல்ப் டெஸ்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள், 38 கோடி டாலர் நட்டம் என்று குளோராக்ஸ் 2025 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. இது வாதியின் குற்றச்சாட்டு. உண்மை எது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம் விவாதத்துக்கு வேண்டியது காக்னிசன்ட் சொன்ன பதில்: எங்களை ஹெல்ப் டெஸ்க் என்ற குறுகிய வேலைக்குத்தான் வைத்தார்கள், சைபர் பாதுகாப்பு எங்கள் பொறுப்பில் இல்லை. ஒப்பந்தத்தின் மொழியில் அது ஏற்கத்தக்க வாதமாகவே அமையலாம். எல்லா ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தங்களும் இப்படித்தான். எதை அளக்க முடியுமோ அதைத்தான் எழுத முடியும். அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், மாதத்தில் எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்பவற்றை அளக்கலாம். நேற்று வேலையை விட்டுப் போன விற்பனையாளரின் கணக்கை இன்று மூடிவிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்பதை எப்படி அளப்பது? எழுதிய வேலைக்கும் எழுதாமல் விட்ட வேலைக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். குளோராக்ஸ் போன்ற பெரிய நிறுவனம் அந்த இடைவெளிக்காக வழக்காட வழக்கறிஞர் படையை வைத்துக்கொள்ளும். ஜீடிமெட்லாக்காரர் என்ன செய்வார்?

சட்டமும் பொறுப்பைக் கைமாற்ற விடுவதில்லை. சைபர் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. எங்கள் வெண்டர் போனை எடுக்கவில்லை என்பது ஆறு மணி நேரக் கெடுவுக்கு விடையாகாது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வெளிப்படை: வேறு எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும், உன் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டாலும், பொறுப்பு உன்னுடையது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். வங்கிகள் கணினிச் சேவையை வெளியே கொடுப்பது பற்றி 2023 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின் சாரமும் இதுவே: வேலையைக் கொடு, கடமை உன்னிடமே நிற்கும்.

இந்த நகரத்தின் வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. வெளியே கொடு என்ற அறிவுரை ஒலிக்கும் இதே ஐதராபாத்தில்தான், வெளியே கொடுத்துப் பார்த்த உலக நிறுவனங்கள் வேலையைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஜிசிசி என்று சொல்கிறார்களே, அதன் பொருள் அதுதான்: இடைத்தரகு நிறுவனத்திடம் வேலையை விடாமல், சொந்தச் சம்பளத்தில் ஆள் வைத்துச் சொந்த அலுவலகம் நடத்துவது. நாஸ்காம்-ஜின்னோவ் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் இத்தகைய மையங்கள் 1,700க்கும் மேல், வேலை செய்பவர்கள் 19 லட்சம்; ஐதராபாத்தில் மட்டும் 350க்கும் மேற்பட்ட மையங்கள். பர்கர் விற்கும் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவுக்கு வெளியே தன் மிகப்பெரிய அலுவலகத்தை 2025 அக்டோபரில் இங்கேதான் திறந்தது. பர்கர்தான் உன் தொழில், கணினி உனக்கு எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். அவர்கள் பணக்காரர்கள், நாற்பது பேர் கம்பெனியை அவர்களோடு ஒப்பிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே, அளவில் ஒப்பில்லை. அவர்களும் ஆயிரம் வேலைகளை இன்னும் வெளியில்தான் வாங்குகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது எதை வாங்குகிறார்கள், எதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை. கைகளை வாங்குகிறார்கள், தீர்மானத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

விலைக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கடைசியில் எல்லாப் பேச்சும் அங்கேதான் நிற்கிறது. பத்துக் கணினி இருக்கும்போது வெளிச்சேவை மலிவு. இதில் எனக்கு மறுப்பே இல்லை. பத்துக் கணினிக்கு ஓர் ஆள் வைப்பது ஆடம்பரம். ஆனால் பேச்சு வளரும் நிறுவனத்தைப் பற்றியது. தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் தலையோடு சேர்ந்தே ஏறும். பத்து அறுபது கணினியானால் கட்டணமும் ஆறு மடங்கு. சம்பளத்துக்கு இருக்கும் ஆளின் செலவு அப்படி ஏறுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அந்த இடத்தை நிறுவனம் தாண்டிப் போன பிறகும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, காரணம் திரும்பிப் பார்க்க வேண்டியவரே உள்ளே இல்லை. வெண்டர் கொண்டுவரும் கொட்டேஷன் அதிகமா குறைவா, இந்த ஃபயர்வால் நமக்குத் தேவையா, பழைய சர்வர் இன்னும் இரண்டு வருடம் ஓடாதா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் முதல் ஆண்டே தன் சம்பளத்தில் கணிசமான பங்கை மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுவார். விற்பவரிடமே எனக்கு என்ன தேவை என்று கேட்பவர் கொடுக்கும் விலை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வருவதில்லை.

வெண்டரின் ஆயுளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதியபோது, அந்த நிறுவனத்தில் 53,000 பேர் வேலை செய்ததாகச் சொல்லப்பட்டது. அரசு இயக்குநர் குழுவைக் கலைத்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் வென்றது. இடைப்பட்ட மூன்று மாதம், உலகெங்கும் இருந்த அதன் வாடிக்கையாளர்கள் நாளை நம் சர்வரைப் பார்க்க ஆள் வருமா என்ற கேள்வியோடு இருந்தார்கள். அதற்கும் முன்னால், அந்நிய முதலீட்டு விதிகளில் ஒத்துப்போகாமல் ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டுப் போனபோது, அதன் கணினிகளைப் பராமரிக்கும் வேலையை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்க வேண்டியிருந்தது. ஐபிஎம்முக்கும் அரசுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் அந்தக் கணினிகளை நம்பி வேலை நடத்திய அலுவலகங்களுக்கு நாற்காலி கிடையாது. பெயர் பெரிதாக இருந்தால் பயமில்லை என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களைவிடப் பெரிய பெயர் எதைச் சொல்வது?

என் வாதத்துக்கு எதிராக வரும் ஆட்சேபங்களில் மிகவும் கனமானது இது: ஒரே ஆளை நம்பினால் அவர் போகும்போது எல்லாம் அவரோடு போய்விடும். அதுவும் ஐதராபாத்தில்! அமீர்பேட்டையில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள பயிற்சி நிலையங்களிலிருந்து ஆள் கிடைப்பது சுலபம். ஓரளவு தேறியதும் கச்சிபௌலிப் பக்கம் பறந்துவிடுவதும் சுலபம். மறுக்க முடியாத உண்மை. ஆனால் வெண்டர் அனுப்பும் பையனும் அதே அமீர்பேட்டையிலிருந்துதான் வருகிறார், அதே கச்சிபௌலிக்குத்தான் போகிறார். அவர் போனது உங்களுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். ஆட்கள் போவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து நடத்திய தொழில்முறை நம்மிடமே இருந்திருக்கிறது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனபோது முதலாளி செட்டிநாட்டிலேயே இருப்பார். அங்கே கடையை மேலாள் நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. தவணை முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்; நடுவிலும் கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். கடல் கடந்த கடையை இன்னொருவர் கையில் விட்டவர்கள்தான், ஆனால் ஒப்படைப்பையும் கணக்கையும் விடவில்லை. நாற்பது பேர் நிறுவனத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எந்த மேலாண்மைப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு மேலாள், அவர் செய்வதில் பாதியையாவது கற்றுவைத்திருக்கும் ஓர் அடுத்தாள், அது கணக்குப் பிரிவில் இருக்கும் சுறுசுறுப்பான பெண்ணாகவும் இருக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிப் புதுப்பித்து முதலாளியின் பீரோவுக்குள் போகும் ஒரு மூடிய உறை. எல்லாப் பாஸ்வேர்டும், எந்தச் சேவை எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதும் அதில் இருக்கும். இதற்குப் பிறகு மேலாள் போனால் சங்கடம்தான், சர்வநாசமல்ல.

இரண்டாவது ஆட்சேபத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நெட்வொர்க்கைக் கண்காணிக்கவோ, தாக்குதல் நடந்தபின் தடயம் தேடவோ, கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கவோ நாற்பது பேர் நிறுவனம் ஆள் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இவற்றை வாங்குங்கள், நல்ல விலை கொடுத்தே வாங்குங்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் யாரை எழுப்புவது, எந்த சர்வரை நிறுத்தலாம், எதை நிறுத்தினால் காலையில் லாரி கிளம்பாது என்று சொல்ல உள்ளே ஒருவர் இல்லாவிட்டால், அந்தக் கண்காணிப்புக்குக் கொடுத்த காசு எச்சரிக்கை மின்னஞ்சல்களாகக் குவியும். எல்லாம்தான் கிளவுடுக்குப் போய்விட்டதே, இனி பராமரிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி இதன் தங்கை. அமேசான் 2022 நவம்பரில் ஐதராபாத்திலேயே தன் கிளவுடு மையத்தைத் திறந்துவிட்டது. சர்வர் அறைக்கு ஏசி போடும் காலம் போய்விட்டது உண்மைதான். ஆனால் அமேசானே தன் வாடிக்கையாளர்களிடம் தெளிவாகச் சொல்கிறது: கட்டடமும் இயந்திரமும் எங்கள் பொறுப்பு, உள்ளே எதை வைக்கிறீர்கள், யாருக்குக் கதவு திறக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. கிளவுடு வந்ததும் திருகாணி முடுக்கும் வேலை ஒழிந்தது. யாருக்குக் கதவு என்ற வேலை இரட்டிப்பானது. அது எப்போதுமே கணக்குப்பிள்ளையின் வேலை.

உள்ளே ஆள் வைப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இந்நகரின் மருந்துத் தொழிலே சாட்சி. பரிசோதனைக் கூடக் கணினியில் யார் எப்போது எந்த முடிவைத் திருத்தினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்கிறது. பலர் ஒரே பெயரில் லாகின் செய்வதையும், கோப்புகள் காணாமல் போவதையும் சுட்டி இந்திய ஆலைகளுக்கு அது எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது. கோப்பை மாற்றும் அதிகாரம் கொண்ட அட்மின், அந்தக் கோப்பின் முடிவுக்குப் பொறுப்பானவராக இருக்கக் கூடாது என்பது 2018இல் வந்த அதன் வழிகாட்டுதல். அதாவது, உள்ளே இருப்பவர் பரிசோதனைக் கூடத் தலைவரின் கையாளாக இருந்தால் பயனில்லை. நேரே முதலாளியிடம் பேசும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தை அவருக்குக் கொடுக்கத் தயாரில்லாத முதலாளிக்கு, வெளிச்சேவையும் ஒன்றுதான், உள்சேவையும் ஒன்றுதான்.

அந்த இடத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்குத் தொடங்கும் நாளும் கையிலேயே இருக்கிறது: அடுத்த ஏஎம்சி புதுப்பிக்கும் நாள். கையெழுத்துக்கு முன்னால் வெண்டரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? நம் கணக்குகளில் அட்மின் அதிகாரம் உள்ளவர்களின் பட்டியல் எங்கே? போன மாதத்து பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு டாலி கோப்பை, வேறொரு கணினியில், என் கண் முன்னால் திறந்து காட்ட முடியுமா? நல்ல வெண்டர் மூன்றுக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் அவருக்கும் பாதுகாப்புதான். கேள்வி கேட்டவர் முதலாளியாகவே இருந்தால், அந்தப் பட்டியலையும் திறந்த கோப்பையும் பார்த்து அது சரியா என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பார். இல்லையென்றால் புதுப்பிப்பை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அந்த ஆளைத் தேடலாம்.